இரண்டாவது பொத்தான்

சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவளுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் புருஷன் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "குறை கண்டுபிடிக்கிற வேலை. வீட்டுல செய்யறதையே அங்கயும் போய்ச் செய்யறா." மனிதர் லிப்ட் ரிப்பேர் செய்பவர். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு வந்து, வீட்டில் பெண்டாட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு சட்டை அவள் மேசைக்கு வந்தால் நாற்பது விநாடி. காலர், தோள், கை, பட்டி, பை, பொத்தான், ஓரம் என்று பதினோரு இடங்களை அவள் கண் தொட்டுவிட்டு வரும். எங்கே குறையோ அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். கெஞ்சினாலும் ஒட்டுவாள், முறைத்தாலும் ஒட்டுவாள். பஸ்ஸில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாத மனிதரின் தோளில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிய்க்காமல் அவளால் இறங்க முடியாது. இதனால் இரண்டு தடவை திட்டும் வாங்கியிருக்கிறாள்.

இப்பேர்ப்பட்டவளைச் சினிமாவுக்குள் இழுத்துவிட்டது தொழிற்சாலை வேன். அந்த வேனை ஓட்டியவன் முப்பது வயது ஒல்லிப் பையன். எல்லோருக்கும் அவன் வேன் தம்பி. அவன் மண்டைக்குள் ஒரு கதை இருந்தது. காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம், கண்ணாடியைப் பார்த்தபடி அதைப் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுவான். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முன் சீட்டில் உட்கார்ந்த செக்கிங் அக்கா தூங்கவில்லை. ஒருநாள் அவள் கேட்டாள்: "தம்பி, நேத்து அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கீழ மேசையில வச்சிட்டுத்தானே மாடிக்குப் போனார்? இன்னைக்கு மாடியில உக்காந்து எப்படி லெட்டர் படிக்கிறார்?"

வேன் தம்பி நிஜமாகவே பிரேக்கைப் போட்டான். தூங்கியவர்கள் எல்லாம் முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அடுத்த வாரம் அவன் அவள் செக்கிங் மேசைக்கே வந்து நின்றான். படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஷூட்டிங், அவள்தான் கன்டினியூட்டி பார்க்க வேண்டும் என்றான். அது என்ன மெஷின் என்று அவள் கேட்டாள். அவன் சிரிக்காமல் விளக்கினான். கதை ஒரே நாளில் நடக்கிறது, ஆனால் அதை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். போன வாரம் டம்ளரில் பாதி டீ இருந்தால் இந்த வாரமும் பாதிதான் இருக்க வேண்டும். வருஷம் ஓடுவது படத்தில் தெரியவே கூடாது. அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. வெவ்வேறு கட்டுத் துணியில் வெட்டிய இடது கையும் வலது கையும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று அவள் தினமும் பார்ப்பதுதான் இது. அங்கே துணி, இங்கே ஞாயிற்றுக்கிழமை.

மொத்தக் கூட்டமும் ஆறு பேர்தான். அப்பாவாக நடித்தவர் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். அவரை மாஸ்டர் என்பார்கள். மகளாக நடித்தவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பெண். அவளுக்கு மாத்திரை என்று பட்டப்பெயர் வைத்தவர் ஒலிப்பதிவு செய்தவர். அவர் காது கேட்கும் மெஷின் விற்கிற கடைக்காரர், ஆகவே அவருக்குப் பெயர் காது. கேமராக்காரர் கல்யாணங்களைப் படம் பிடிப்பவர்; யாரைப் பார்த்தாலும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிடுவார், அழுகிற காட்சியிலும் சொல்லியிருக்கிறார். ஷூட்டிங் நடந்தது அவருடைய மாமாவின் பழைய வீட்டில். அதை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் கேட்கும்வரை சாவி இவர்களிடம் இருந்தது.

கதை சின்னதுதான். ஓர் அப்பாவும் மகளும் வீட்டைக் காலி செய்கிறார்கள். அம்மா இறந்தபோது மகள் வந்து சேரவில்லை என்ற கோபத்தில் மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. காலையில் பெட்டி கட்டத் தொடங்குகிறார்கள். அப்பாவின் சட்டையில் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்குகிறது. மகள் அதைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. பொத்தான் தொங்கிக்கொண்டே இருக்கிறது. மதியம் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டபின் பெரிய சண்டை வருகிறது. அப்பா உள்ளே போய் அம்மாவின் போட்டோவை நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்து மகளிடம் கொடுக்கிறார். சாயங்கால வெயிலில், அவர் போட்டிருக்கிற சட்டையிலேயே மகள் அந்தப் பொத்தானைத் தைத்துக் கொடுக்கிறாள். படம் முடிந்தது. மூன்று வருஷத்தில் அவள் அவர் பக்கத்தில் போவது அப்போதுதான். படமே அந்தப் பொத்தானில்தான் தொங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

செக்கிங் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இறக்கை முளைத்துவிடும். தொழிற்சாலையில் தூக்கிப்போட்ட பழைய ரிஜிஸ்டர் ஒன்றில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். எந்தப் பெட்டி எந்தப் பெட்டிமேல், கடிகாரத்தில் மணி என்ன, ஜன்னல் கம்பியின் நிழல் எத்தனையாவது டைல்ஸில் விழுகிறது, மாஸ்டரின் இடது கைச் சட்டை எத்தனை மடிப்பு. மாத்திரை ஒரு ஞாயிறு முடியை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா டேப்பை எடுத்து அளந்து, இரண்டு அங்குலம் குறைகிறது என்று அறிவித்து, அன்றைக்கு எடுத்த காட்சி முழுவதிலும் அவளை ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே நடக்க வைத்தாள். மாஸ்டர் நகம் வெட்டினால்கூட அனுமதி கேட்டுத்தான் வெட்டினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை விசில் ஊதி ஆட்டிவைத்தவர், இவளிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மேசைக்கு வரும் சட்டையை அவள் நாற்பது விநாடி பார்ப்பாள். பிறகு அது யார் உடம்புக்குப் போகிறதோ தெரியாது. இங்கே ஒரே ஒரு சட்டை, வெளிர்நீலம், பதினாலு மாதமாக அவளுடனேயே இருந்தது. சனிக்கிழமை துவைத்து, தேய்த்து, கவரில் போட்டு அவள்தான் எடுத்துவருவாள். அந்தச் சட்டை மேல் அவளுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. வாழ்க்கையில் தனக்கென்று இவ்வளவு சந்தோஷம் எதிலும் இருந்ததில்லை என்று புருஷனிடம் சொன்னாள். அவர் அதிசயமாக, கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டார்.

நடுநடுவே விட்டுப்போன வாரங்கள் போக, ஷூட்டிங் நடந்த இருபத்தொன்பது ஞாயிறு முடிந்து முப்பதாவது வந்தது. அதுதான் கடைசி. வீட்டை வாங்கியவர்கள் திங்கட்கிழமை காலை சுவரை இடிக்க ஆள் அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் இருக்கிற சுவர்தான் முதலில் போகுமாம். பரவாயில்லை, பாக்கி இருந்தது தையல் காட்சி ஒன்றுதான். நடிப்பவர்கள் இருவரும் கனிந்து வரட்டும் என்று வேன் தம்பி அதைக் கடைசிக்கு வைத்திருந்தான். மற்றதெல்லாம் கதை வரிசைப்படியே எடுத்தாகிவிட்டது. எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

காலை பத்து மணிக்குப் பக்கத்து அறையில் செக்கிங் அக்கா கவரிலிருந்து சட்டையை எடுத்தாள். ரிஜிஸ்டரைத் திறந்தாள். "பொத்தான் 2: தொங்கல். நூல் ஒன்றரை செ.மீ. இடப்பக்கம் சாய்வு." சட்டையைப் பார்த்தாள். இரண்டாவது பொத்தான் தொங்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. நாலு ஓட்டையில் குறுக்குத் தையல், பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே கழுத்துக்கு மூன்று சுற்று, கீழே முடிச்சு. யார் தைத்ததென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவள் தையல்.

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. அவள் தன் அக்காவின் மகளோடு போனில் பேசிக்கொண்டே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் பொத்தானைப் பார்த்தது, கை ஊசியை எடுத்தது, வாய் பேசிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவளைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அந்தச் சட்டையோடு ஷூட்டிங் நடந்திருக்கிறது. மூன்று முறையும் அவள்தான் சட்டையைத் தலைமுதல் கால்வரை பார்த்து, சரி என்று தலையாட்டியிருக்கிறாள். குறையைத் தேடியே பழகிய கண். குறை இருக்க வேண்டிய இடத்தில் குறை இல்லாமல் போனது அதற்குத் தெரியவில்லை.

கத்தரிக்கோல் கைப்பையில்தான் இருந்தது. நாலு வெட்டு வெட்டினால் பொத்தான் பழையபடி தொங்கும். சாயங்காலம் காட்சியை எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது, குறைந்தபட்சம் இன்றைக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் வேன் தம்பி எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்துப் பார்ப்பான். காலையில் தொங்கிய பொத்தான், மதியம் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் மறுபடி தொங்கும். அன்றைக்கு இந்த வீடும் இருக்காது, ஜன்னலும் இருக்காது. அவள் கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு விநாடி அதையே பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டாள். வெளியே போய் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

கேமராக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். மூன்று ஞாயிற்றில் ஏழு ஷாட்டுகளில் பொத்தான் பளிச்சென்று தெரிந்தது. போட்டோவை அணைத்து வருகிற ஷாட்டில், போட்டோவின் சட்டத்துக்கு மேலே நெஞ்சுக்கு நடுவில், நூல் குறுக்கே போவதுகூடத் தெரிந்தது. அதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். செக்கிங் அக்கா விடவில்லை. "படம் முழுக்க அந்தப் பொத்தானைப் பாருங்கன்னு நாமதானே சொல்றோம். அப்புறம் எப்படிப் பாக்காம இருப்பாங்க?"

வேன் தம்பி பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லாதவன். அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "உங்கள நம்பித்தானேக்கா இருந்தேன்" என்று மட்டும் சொன்னான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மூன்று ஞாயிற்றின் காட்சிகளையும் ஒரே நாளில் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு எடுக்க வீடு கிடையாது. ஆறு பேருடைய பதினாலு மாதத்தையும் ஓர் ஊசியால் குத்திவிட்டோம் என்று நினைத்தாள்.

ஆனால் அழுகிற ஜாதி இல்லை அவள். தரையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பிரித்தாள். பக்கம் பக்கமாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டி கட்டுவது, தொங்கல். அலமாரி திறப்பது, தொங்கல். டீ, தொங்கல். சாப்பாடு, தைத்தது. சண்டை, தைத்தது. போட்டோ, தைத்தது. இன்னொரு முறை பார்த்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் உள்ளதில் ஒன்றுகூடத் தைத்ததில்லை, பின்னால் உள்ளதில் ஒன்றுகூடத் தொங்கவில்லை.

"தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடி பொத்தான் தொங்குது. பின்னாடி தொங்கல. நடுவுல யாரோ தைச்சிருக்காங்க."

"நீங்கதான்க்கா தைச்சீங்க."

"படத்துல மக தைச்சிருக்கா."

வேன் தம்பி தலையைத் தூக்கினான். பிறகு மறுத்தான். பொத்தானைத் தைத்துக் கொடுத்த பிறகு எப்படிச் சண்டை போடுவார்கள், தைப்பதுதானே சமாதானம் என்றான். நீ கல்யாணம் ஆகாதவன், உனக்கெப்படித் தெரியும் என்றாள் அக்கா. மூன்று வருஷம் பேசாதவர்கள் சண்டை போடுவதென்றால் நடுவில் ஒருத்தர் பக்கத்தில் போயிருக்க வேண்டும். தள்ளி நிற்கிறவர்களுக்குச் சண்டை போடக்கூட வராது என்று பொரிந்து தள்ளினாள். இதுவரை மூலையில் நின்ற மாத்திரை அப்போது வாயைத் திறந்தாள்.

"அந்தச் சண்டைய நடிக்கும்போது எனக்குப் புரியவே இல்ல. காலையிலேர்ந்து வாயே தொறக்காதவ எப்படித் திடீர்னு அப்படிக் கத்துவா? இப்பத்தான் புரியுது."

வேன் தம்பி எழுந்தான். ஜன்னல்வரை நடந்தான், திரும்பினான். படம் எங்கே முடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். போட்டோவைக் கொடுக்கிற இடத்தில் முடியும் என்று தானே பதிலும் சொன்னான். அவன் முகம் மாறியதைப் பார்த்துக் காது ஓடிப்போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலக் காட்சி மதியக் காட்சியாகிவிட்டது. சாப்பாட்டுக் காட்சியில் கம்பி நிழல் மூன்றாவது டைல்ஸின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததாக ரிஜிஸ்டர் சொன்னது. வெயில் அங்கே வந்து சேரப் பன்னிரண்டு ஆகும், தாண்டிப் போக அதிகம் போனால் அரை மணி. இப்போது மணி பத்தே முக்கால். செக்கிங் அக்கா சட்டையை மடியில் போட்டு, தன் தையலைத் தானே வெட்டினாள். வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே ஒரு குறையை உண்டாக்கினாள். நூலை ஒன்றரை சென்டிமீட்டருக்கு அளந்து, பொத்தானை இடப்பக்கம் சாய்த்து, பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டருக்குப் போட்டுவிட்டாள்.

சிக்கல் மாத்திரையிடம் வந்தது. விரல் நுனியால் நூறு மாத்திரையைக் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணுகிறவளுக்கு ஊசி பிடிக்க வரவில்லை. பழைய துணியில் ஐந்து பொத்தான் தைத்துப் பார்த்தாள். ஐந்தும் பார்சல் கட்டிய மாதிரி இருந்தன. போட்டோ ஷாட்டில் தெரிகிற தையலோ குறுக்குத் தையல், கழுத்துச் சுற்று எல்லாம் உள்ளது. கிட்டத்தில் கைகளைக் காட்டித்தான் ஆக வேண்டும். எல்லோரும் மெதுவாகத் திரும்பி ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது செக்கிங் அக்காவின் கைகளை.

முடியவே முடியாது என்றாள். காரணங்களை அவளே அடுக்கினாள். தனக்கு நாற்பத்தாறு வயது, கை நரம்பு தெரிகிறது, நிறம் ஒரு மாற்று குறைவு, ஆள்காட்டி விரல் நகத்தில் மெஷின் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறது. இதைவிடப் பெரிய கன்டினியூட்டி தப்பு வேறு என்ன இருக்க முடியும்? கேமராக்காரர், தழும்பைக் கட்டைவிரல் மறைத்துக்கொள்கிற மாதிரி கோணம் வைக்கிறேன், சட்டைக் கையை முழுசாக இறக்கிவிட்டால் மணிக்கட்டுவரை மூடிவிடும், நரம்பை வெளிச்சத்தில் சரிக்கட்டிவிடலாம் என்றார். மாத்திரையின் மேல்சட்டையை இவளுக்கு மாட்டினார்கள். அது இவள் தோளுக்குப் பற்றவில்லை. முதுகுத் தையலைப் பிரித்து, துணி காயப்போடுகிற கிளிப் நாலு போட்டுப் பிடித்துவைத்தார்கள். மாத்திரையின் கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டாள். பின்னாலிருந்து பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. காது அடக்கவும் இல்லை.

நிழல் மூன்றாவது டைல்ஸைத் தொட்டது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார், அவள் எதிரே மண்டியிட்டாள். கேமராவுக்குப் பின்னால் பதினாலு மாதம் புலியாக நின்றவளுக்குக் கேமராவுக்கு முன்னால் நூல் கோக்க நாலு தடவை தவறியது. மாஸ்டர் உதடு அசையாமல், "மேசையில சட்டை வந்திருக்கும்மா. நாப்பது செகண்ட்தான்" என்றார். அவள் கண் பொத்தானுக்குப் போனது. அதன்பிறகு அவளுக்குக் கேமராவும் தெரியவில்லை, மனிதர்களும் தெரியவில்லை. ஊசி ஏறி இறங்கியது. குறுக்கே ஒன்று, எதிர்க் குறுக்கே ஒன்று, கழுத்துக்கு மூன்று சுற்று, அடியில் முடிச்சு. முடித்ததும், வீட்டில் செய்கிற பழக்கத்தில், குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

அது எழுதி வைத்ததில் இல்லை. மாஸ்டரின் கை நாற்காலியிலிருந்து எழுந்தது. காற்றில் கொஞ்சம் தயங்கியது. பிறகு அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அதுவும் எழுதி வைத்ததில் இல்லை. கேமராக்காரர் கேமராவை மெல்ல மேலே தூக்கினார். வேன் தம்பிக்குக் கட் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கையின் கனத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, நடிப்பெல்லாம் ஒன்றுமில்லை. எதற்கு அழுகிறோம் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒருவழியாகக் கட் என்றதும் வேன் தம்பி குதித்தான். இதுதான் படம், இதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்தோம் என்றான். செக்கிங் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்த் திரையைப் பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். மாஸ்டரின் விரல்களுக்கு நடுவே அவள் தலைமுடி தெரிந்தது.

"தைக்கிற கை வரைக்கும் வச்சுக்கோங்க. தலை ஆகாது. நரை தெரியுது."

வேன் தம்பி கெஞ்சினான். இப்படி ஒன்று இன்னொரு தடவை வராது, ஒரு நாலு முடிதானே என்றான். கேமராக்காரரும் சேர்ந்துகொண்டார். அவளுக்கும் மனசு இல்லாமல் இல்லை. ஜென்மத்துக்கும் ஒரு தடவை தன் தலை படத்தில் வந்திருக்கிறது, அதை வெட்டச் சொல்கிறவளும் தானேயா என்று உள்ளுக்குள் வலித்தது. ஆனால் மகளுக்கு இருபத்தாறு வயது. இருபத்தாறு வயதுக்காரிக்கு அந்த நரை கிடையாது. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு சரி சொன்ன பலனைக் காலையில்தான் பார்த்தாயிற்று.

"மாத்திரை, சட்டைய மாத்திட்டு வாம்மா. நிழல் பாதி டைல்ஸ் போயிடுச்சு" என்றாள்.

அவளே பொத்தானின் அடியில் புதிதாக ஒரு நூலைக் கோத்து, ஊசியோடு தொங்கவிட்டாள். மாத்திரையை மண்டியிட வைத்து, எந்தப் பக்கம் சாய வேண்டும், நூலை எந்தப் பல்லால் கடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் குனிந்தே இருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். மாஸ்டரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு, திரும்ப வருமா தெரியலையே என்று முணுமுணுத்தார். ஸ்டார்ட் சொன்னார்கள். மாத்திரை குனிந்தாள், நூலைக் கடித்தாள். கை எழுந்தது. இந்த முறை முன்னைவிட அதிகமாகத் தயங்கியது. வராமலே போய்விடுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தது. மாத்திரை அப்படியே அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிழல் மூன்றாவது டைல்ஸைத் தாண்டியபோது மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. காது ஹெட்போனைக் கழற்றிச் சுழற்றி எறிந்தார். கேமராக்காரர் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை, எல்லோரும் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அழுதுகொண்டும் இருந்தார்கள்.

படம் சேர்ந்து முடிய இன்னும் ஏழு மாதம் ஆயிற்று. முதல் காட்சியைத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே போடலாம் என்று வேன் தம்பி முடிவு செய்தபோது, செக்கிங் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகத்தில் வேறு எங்கு வேண்டுமானாலும் போடட்டும். இங்கே உட்காரப்போவது இருநூறு பேர். தைக்கிறவர்கள், செக்கிங் பார்க்கிறவர்கள். சட்டையில் ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற கண்கள். நகத்தைப் பார்ப்பார்கள். நரம்பைப் பார்ப்பார்கள். ஒருத்தி சிரித்தால் போதும், படம் அங்கேயே செத்துவிடும்.

வெள்ளைச் சட்டைத் துணியை அகலமாகச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டினார்கள். மாஸ்டர் முதல் காட்சியில் பெட்டியோடு வந்து நின்றதும் கூடத்தில் கிசுகிசுப்பு எழுந்தது. பொத்தான் தொங்குது, பொத்தான் தொங்குது. அலமாரிக் காட்சியில் அது இன்னும் தொங்கியது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். டீக் காட்சியில் பின் வரிசையிலிருந்து ஒருத்தி, அந்த மகளுக்குக் கண்ணு இல்லையா என்று வாய்விட்டே கேட்டாள். அந்தக் கூடத்தில் இருந்த நானூறு கைகளும் ஊசிக்குத் துடித்துக்கொண்டிருந்தன. செக்கிங் அக்கா இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி ஒரு கூட்டம் எந்த டைரக்டருக்குக் கிடைக்கும்?

பிறகு அந்தக் கைகள் வந்தன. திரையில் கதவளவு பெரிதாக. ஊசி ஏறி இறங்கியது, நூல் குறுக்கே போனது, கழுத்தைச் சுற்றியது. செக்கிங் அக்கா மூச்சு விடவில்லை. மகள் குனிந்தாள், நூலைக் கடித்தாள், அப்பாவின் கை அவள் கறுத்த தலைமேல் வந்து உட்கார்ந்தது. கூடம் முழுவதும் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டது. பின்னால் யாரோ விம்முகிற சத்தம் கேட்டது. ஒருத்தியும் சிரிக்கவில்லை, ஒருத்தியும் விரல் நீட்டவில்லை. கை ஒருத்தியுடையது, தலை இன்னொருத்தியுடையது, அந்த இணைப்பை இருநூறு பேரில் ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷத்தில் எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவளுக்கு எதிர் மேசையில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் பார்க்கிறவள் உட்கார்ந்திருந்தாள். இவள் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே குறை சொல்கிறவள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் காதருகே சாய்ந்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க கத்துக்கிட்டாளோ. என்ன கைடி அது. நம்ம லைன்ல ஒருத்திக்குக்கூட இப்படி வராது."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது என் கைதான்டி, நகத்தைப் பாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரையில் அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"ஆமா, நல்லாத்தான் தைக்கிறா" என்று சொல்லிவிட்டு, செக்கிங் அக்கா தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.